கிழக்குதிரையும் நமது கடமையும்

வயது முதிர்ந்து மூட்டுக்களில் வாதம் இறங்கிவிட்ட ஒரு குதிரையின் முதுகில் மனிதன் ஏறலாமா, கூடாதா என்னும் கேள்வியை இவ்வாரம் எடுத்துக்கொள்ளப் புகுந்தோம். தோட்டத்து ஆபீசில் கணக்கேட்டின்முன் பகலெல்லாம் குனிந்திருக்கும் கிராணிமாராகிய நமக்குக் குதிரையைப்பற்றி என்ன வந்தது என்று சிலர் நகைக்கக்கூடும். மனிதனுக்கே இன்னும் விடியாதபோது குதிரைக்கு நியாயம் பேச வந்துவிட்டார்களே என்று வேறு சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். இவ்விரு சாராருக்கும் நாம் சொல்லக்கூடியது ஒன்றே. வாயுள்ள சீவனுக்கு நியாயம் வழங்குவது ஓரளவு அச்சத்தாலும் நடக்கும். ஏனெனில் அது கேட்கும், கூட்டம் சேரும், எதிர்த்து நிற்கும். வாயில்லாச் சீவனுக்கு நியாயம் வழங்குவதற்கோ நியாயத்தைத் தவிர வேறு காரணமே இல்லை. ஆதலால் ஒரு சமூகத்தாரின் நீதியுணர்ச்சியை உரைத்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

ஈப்போ நகரத்தார்க்குக் குதிரை புதிதன்று. பேராக் டர்ஃப் கிளப்பாரின் பந்தயத் திடல் நகருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே ஓடும் குதிரைகளிற் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்து கடல் கடந்து வந்தவை. இரண்டு மூன்று வயதில், எலும்பு முழுவதும் முற்றுவதற்கு முன்னரே, அவற்றின்மேல் சேணம் ஏறிவிடுகிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும்பொழுது முன்னங்கால் ஒன்றின்மேல் ஒரு கணத்தில் இறங்கும் பாரம் அக்குதிரையின் உடலெடையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். அப்பாரம் ஆயிரமாயிரம் முறை கணுவிலும் முழங்காலிலும் இறங்குகிறது. பெரும்பாலும் பத்து வயதாகுமுன் பந்தய வாழ்வு முடிந்துவிடும். ஆனால் குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து ஆண்டு, முப்பது ஆண்டு. பந்தயம் முடிந்துவிட்டது, குதிரை முடியவில்லை. மீதி இருபது ஆண்டுக்கு அதன் கதி யாது?

இக்கேள்வி அண்மையில் நம் அண்டை நாட்டில் பெரிதாக எழுந்ததை வாசகர்கள் அறிவார்கள். 1842-ல் தொடங்கப்பெற்ற சிங்கப்பூர்ப் பந்தய சங்கம், நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கவேண்டும் என்னும் அரசாங்க அறிவிப்பு 2023 ஜூனில் வந்தபின், 2024 அக்டோபர் 5-ந் தேதி தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. நூற்றெண்பது ஆண்டு வழக்கம் ஒரே மாலையில் ஓய்ந்தது. திடலை வீடு கட்டும் நிலமாக மாற்றிவிடலாம். சீட்டு விற்ற சாளரத்தை அடைத்துவிடலாம். உயிரோடு நிற்கும் குதிரையை அவ்விதம் மூடி வைத்துவிட முடியுமா? சில பிற நாட்டுப் பந்தயங்களுக்குப் போகும். சில சவாரிப் பள்ளிகளுக்குப் போகும். எங்கே போயினும் மூட்டுத் தேய்மானம் அதனுடனேயே போகும்.

இவ்விடத்தில் மனிதர்கள் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சியார், நிற்கும் வரையில் வேலை வாங்குவதே முறை என்கிறார்கள். தீனிக்குக் காசு செலவாகிறது. செலவுக்குத் தக்க வரவு வேண்டாமா என்பது அவர்கள் வாதம். மற்றக் கட்சியார், ஐயோ பாவம், கிழக்குதிரையின்மேல் ஏறுவது மகாபாவம். லாயத்தில் கட்டிப் புல்லும் தண்ணீரும் கொடுத்துச் சும்மா விட்டுவிடுவதே சீவகாருண்யம் என்கிறார்கள். முதற் கட்சியார் கணக்குப் பேசுகிறார்கள். இரண்டாங் கட்சியார் கண்ணீர் பேசுகிறார்கள். இரு கட்சியாரும் குதிரையைக் கேட்டார்களா என்பதே நமது கேள்வி.

முதற் கட்சியாரின் கணக்கை நாம் தோட்டத்திலேயே கண்டிருக்கிறோம். பால்மரம் நன்றாயிருக்கும் காலத்தில் நாள்விட்டு நாள் வெட்டுவதும், பட்டையின் ஆழமறிந்து கத்தி வைப்பதும், மழை பெய்தால் வெட்டை நிறுத்துவதும் வழக்கம். அளவு மீறினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் என்பது வெட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் மரத்துக்கு இருபத்தைந்து முப்பது வயதாகி, இனி இதனைச் சாய்த்து மறுநடவு செய்யவேண்டியதுதான் என்று தீர்மானமானவுடனே முறை மாறிவிடும். அதன்பின் பட்டையைப்பற்றிக் கவலையில்லை. மேலும் கீழுமாக, எவ்வளவு கறக்கக்கூடுமோ அவ்வளவும் கறந்துவிடுவார்கள். இதனை ஆங்கிலேயத் துரைமார்கள் கொலைவெட்டு என்னும் பொருள்படவே பெயரிட்டு வழங்கினார்கள். மரத்தினிடம் இது செல்லும், மரத்திற்கு நோவில்லை. நோவறியும் உயிரிடத்தும் இதே கணக்கைப் போடுகிறவன், கணக்கிற் கெட்டிக்காரனாயிருக்கலாம். மனிதத் தன்மையிற் கெட்டிக்காரனாகான்.

இரண்டாங் கட்சியாரின் கண்ணீருக்கும் நம் பேராக்கிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1877-ல் இங்கே வந்து சேர்ந்த முதல் ரப்பர்க் கன்றுகளின் வழியில் நின்ற பழைய மரம் ஒன்று கோலக் கங்சாரில் இன்றும் காக்கப்பட்டு வருகிறது. அதனிடம் யாரும் பால் கேட்பதில்லை; வருவோர் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். முதுமைக்கு மரியாதை செய்யும் முறை இதுவே என்று கருதுவோர், கிழக்குதிரைக்கும் இவ்வாறே ஒரு வேலியும் நிழலும் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் மரம் நிற்பதற்கென்றே பிறந்தது. குதிரை நடப்பதற்கென்றே பிறந்தது. வெட்டவெளியில் வாழும் குதிரை நாளில் பாதிக்கு மேற்பட்ட பொழுதை மேய்ந்துகொண்டும் நடந்துகொண்டுமே கழிக்கும். அதனை நாலு சுவருக்குள் நிறுத்தி, இனி நீ ஓய்வெடு என்பது நம் பார்வையில் அன்பாகத் தோன்றலாம். அதன் மூட்டுக்களுக்கோ அது தண்டனை.

இதன் காரணத்தைச் சிறிது விளக்கவேண்டும். மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. இக்குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டைச் சுற்றியுள்ள பைக்குள் ஊறும் நீரிலிருந்தே அது உணவைப் பெறுகிறது. கால் ஊன்றும்போது அழுந்தியும், எடுக்கும்போது தளர்ந்தும், நீர் தோய்ந்த பஞ்சைப்போல் அது அந்நீரை வாங்கியும் விட்டும் உயிர்வாழ்கிறது. அசைவு நின்றால் உணவும் குறைகிறது. மூட்டைத் தாங்கிப்பிடிக்கும் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் பாரமெல்லாம் தேய்ந்த குருத்தின்மேலேயே இறங்குகிறது. உடலும் கொழுத்துப் பாரம் மிகுகிறது. தேய்ந்த குருத்து மீண்டும் புதிதாக வளர்வதில்லை. ஆதலால் மூட்டுவாதத்தை முற்றிலும் நீக்க வைத்தியர்களால் இயலாது. ஆயினும் மீதியுள்ளதைக் காக்க இயலும். நோவைக் குறைக்க இயலும். அதற்கு அளவான அசைவே முதல் மருந்து என்பது இக்காலக் கால்நடை வைத்தியர்களின் கொள்கை.

இன்னொன்றும் உண்டு. குதிரை நின்றபடியே உறங்கும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அது மெய்யே, ஆனால் பாதி மெய். ஆழ்ந்த உறக்கத்தில் கனவு காணும் ஒரு நிலை உண்டு. அந்நிலைக்குக் குதிரை படுத்தே ஆகவேண்டும். மூட்டு இறுகிய கிழக்குதிரை படுத்தால் எழுந்திருக்க முடியாதோ என்று படுக்கவே தயங்குகிறது. நாட்கணக்கில் ஆழ்ந்த உறக்கமின்றி நின்று, நின்ற இடத்திலேயே தள்ளாடி முழங்காலில் விழுந்து காயப்படுகிற குதிரைகளும் உண்டு. நாம் ஓய்வு என்று பெயரிட்டுக் கொடுத்தது அதற்கு உறக்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. கால்கள் மடங்கவும் எழவும் வலுவோடிருக்க வேண்டுமானால் அவற்றை நாள்தோறும் வழங்கிக்கொண்டிருக்கவேண்டும்.

அப்படியானால் மெல்லிய சவாரி என்பது எவ்விதம் நடத்தப்படவேண்டும்? முதலாவது, ஏறுவதற்கு முன் கையில் பிடித்து நடத்தவேண்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் நடை, நடையைத் தவிர வேறில்லை. இறுகிய மூட்டு இளகுவதற்கு அவ்வளவு பொழுது பிடிக்கும். இரண்டாவது, வளைவுகளைப் பெரிதாக வைத்து, நேர்வழியில் நெடுந்தூரம் செல்லவேண்டும். குறுகிய வட்டத்திற் சுற்றுவது மூட்டை முறுக்கும். மூன்றாவது, தரையைப் பார்க்கவேண்டும். தார் ரோடு அதிர்ச்சி தரும். ஆழ்ந்த மணல் நரம்பை இழுக்கும். மழைச் சேறு வழுக்கும். ஒருபடித்தான புல்தரை நல்லது. நான்காவது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சவாரி செய்து மற்ற ஆறு நாளும் கட்டி வைப்பதைவிட, நாள்தோறும் இருபது முப்பது நிமிஷம் நடத்துவது மேலானது. தரையில் கிடத்திய கழிகளை மெதுவாகத் தாண்டச் செய்தால் கால் மடங்கி நிமிரும். இலேசான ஏற்றத்தில் நடந்தால் பின்தசை வலுக்கும். நடையில் குறை தெரியாவிட்டால் சிறிது துள்ளுநடைக்குப் போகலாம். இல்லையெனில் நடையோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். முடிவிலும் மெல்ல நடத்தியே லாயத்துக்குக் கொண்டுவரவேண்டும்.

நம் நாட்டுச் சீதோஷ்ணத்துக்கு இன்னொரு விதி அவசியம். குளிர்நாட்டிற் பிறந்த குதிரைகளில் சில, இப்புழுக்கத்தில் சில காலம் வாழ்ந்தபின் வியர்க்கும் சக்தியையே இழந்துவிடுகின்றன. வியர்வை வற்றிய குதிரைக்கு உடற்சூட்டை வெளியேற்ற வழியில்லை. ஆகையால் பெரட்டுக்கு ஆள் கூடும் வைகறைப் பொழுதே கிழக்குதிரையின் பயிற்சிக்கும் ஏற்ற பொழுது. வெயில் மலைமுகட்டைத் தாண்டி இறங்குமுன் அது நிழலுக்குத் திரும்பிவிடவேண்டும்.

பாரத்தின் அளவும் உண்டு. 2008-ல் அமெரிக்காவிலுள்ள ஓஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தார் எட்டுக் குதிரைகளின்மேல் அவற்றின் எடையில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது, இருபத்தைந்து, முப்பது பங்கு வீதம் பாரமேற்றிச் சோதித்தார்கள். இருபது வரையில் பெரிய தொல்லையில்லை; இருபத்தைந்தும் முப்பதும் ஆனபோது தசைநோவு மிகுந்தது. அதாவது ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரைமேல், ஏறுபவனும் சேணமும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேற்படலாகாது. இது நோயற்ற குதிரைக்குரிய கணக்கு. மூட்டுவாதமுள்ள குதிரைக்கு இதனினும் குறைவாகவே இருக்கவேண்டும் என்பதற்குச் சோதனை எதுவும் வேண்டியதில்லை. பாரமான மனிதன் கிழக்குதிரையிடம் அன்பு காட்ட விரும்பினால், இறங்கி அதனோடு நடப்பானாக. அது அவனுக்கும் நல்லது.

இதுவரை சொன்னவை வைத்தியம். இனி நீதிக்கு வருவோம். குதிரையின் நன்மைக்காகவே சவாரி செய்கிறோம் என்று எவனும் சொல்லிவிடலாம். உலகில் பிறரைச் சுமக்கச் செய்தவர் அனைவரும், சுமப்பது சுமப்பவருக்கே நன்மை என்றுதானே சொல்லி வந்திருக்கிறார்கள்? ஏழைக்கு வேலை கொடுத்தால் அவன் உடம்பு உறுதிப்படும் என்று சொல்லிப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கினவர்களை நாம் அறியோமா? ஆகவே மெல்லிய சவாரி மருந்து என்று கேட்டவுடனே மகிழ்ந்து ஏறிவிடுகிறவனைச் சற்று நிறுத்திக் கேட்கவேண்டும்: ஐயா, நீர் ஏற விரும்பாத நாளிலும் இதனை நடத்துவீரா? மழை தூறும் காலையிலும், உமக்குச் சோம்பல் மிகுந்த காலையிலும் வருவீரா? நீர் ஏற விரும்பி உடுத்துக்கொண்டு வந்த நாளில், குதிரைக்கு நோவென்று கண்டால் ஏறாமல் திரும்பிப் போவீரா? இம்மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவன் வைத்தியன். மற்றவன் சவாரிக்காரன், அவன் சவாரி செய்துகொள்ளட்டும், ஆனால் அதற்குத் தருமம் என்று பெயர் வைக்கவேண்டாம்.

நோவென்று எப்படிக் காண்பது? குதிரை பேசாது, அதுமட்டுமா? பிற மிருகத்துக்கு இரையாகும் இனத்திற் பிறந்ததாகையால், நோவை மறைப்பதே அதன் இயல்பு. நொண்டுவது தெரிந்தால் புலி அதனைத்தான் முதலில் பிடிக்கும். ஆயினும் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது மறைத்து வைப்பதில்லை. நோவுள்ள முன்னங்கால் தரையிற் படும்போது தலை மேலே எழும். நல்ல கால் படும்போது தாழும். காது பின்னே சாயும், கண் இடுங்கும், வாய் திறந்து திறந்து மூடும், வால் வீசும். சூ டைசன் என்னும் ஆங்கில வைத்திய அம்மையாரும் அவருடைய கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சவாரியின்போது காணக்கூடிய இவ்விதமான இருபத்துநான்கு குறிகளைத் தொகுத்து, அவற்றில் எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால் அக்குதிரைக்கு நோவு இருக்கக்கூடும் என்று காட்டினார்கள். நெடுங்காலமாக இக்குறிகளையெல்லாம் முரட்டுத்தனம், பிடிவாதம், சோம்பேறித்தனம் என்று பெயரிட்டே சாட்டையால் திருத்தி வந்தார்கள். நோவைப் பிடிவாதம் என்று ஏட்டில் பதிந்துவிட்டால் அடிப்பது எளிதாகிறது. இவ்வழக்கம் குதிரையோடு மட்டும் நின்றதா என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியோர்களைக் கேட்டு வாசகர்களே தெரிந்துகொள்ளலாம்.

நோவை அடக்கும் மருந்துகளும் இருக்கின்றன. பினைல்பியூட்டசோன் என்பது குதிரை லாயங்களில் நெடுநாளாய் வழங்கிவரும் மருந்து. மிகுதியாகவும் நீண்ட காலமும் கொடுத்தால் வயிற்றிற் புண்ணும் சிறுநீரகக் கெடுதியும் உண்டாகும்; எனினும் அளவறிந்து கொடுத்தால் கிழக்குதிரைக்குப் பெரிய உபகாரம். பந்தய நாளில் இது குதிரையின் உடலில் இருக்கலாகாது என்று பல நாட்டுப் பந்தய விதிகள் விலக்கியிருப்பது ஏன்? நோவு என்பது உடல் நமக்கு அனுப்பும் எச்சரிக்கை. அவ்வெச்சரிக்கையை அமுக்கிவிட்டு ஓட்டினால் எலும்பு முறியும்வரை ஓடும். ஆகவே மருந்து ஒன்றே. அதன் நியாயம் இரண்டு. படுத்தெழவும் மேய்ந்து நடக்கவும் கொடுத்தால் அது இரக்கம். நம் சவாரி தவறாமல் நடக்கவேண்டுமென்று கொடுத்தால் அது சாட்சியின் வாயைப் பொத்துவதாகும்.

கருணை வேறு, கடன் வேறு என்பதை இங்கே தெளிவாக உணரவேண்டும். கருணை கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது. அவனுக்கு மனம் இளகிய நாளில் வரும். இளகாத நாளில் வராது. வந்தபோதும் அவன் தனக்குப் பிடித்ததைக் கொடுப்பான். வாங்குகிறவனுக்கு வேண்டியதைக் கொடுப்பான் என்பதற்கு உறுதியில்லை. கடனோ வாங்கவேண்டியவனைப் பொறுத்தது. இவ்வளவு தரவேண்டும் என்று ஏடு சொல்கிறது. கொடுப்பவன் முகம் மலர்ந்திருக்கிறதா சுளித்திருக்கிறதா என்று ஏடு கேட்பதில்லை. ஓடி உழைத்துத் தேய்ந்த மூட்டுக்கு நாம் பட்டிருப்பது கடன். அக்கடனின் தொகை எவ்வளவு என்பதை எழுதி வைத்திருக்கும் ஏடு அக்குதிரையின் உடலே. இன்று எத்தனை நிமிஷம், எந்த நடை, ஏறலாமா கூடாதா என்பதை நாள்தோறும் அந்த ஏட்டைத் திறந்து பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். சாட்டைக்காரனும் பார்ப்பதில்லை, கண்ணீர்க்காரனும் பார்ப்பதில்லை. இதனாலேயே அவ்விருவரும் எதிரெதிராய் நின்றபோதிலும் செய்யும் பிழை ஒன்றே என்கிறோம்.

அறிவில்லாத அன்பு என்ன செய்யும் என்பதற்குத் தமிழர் சரித்திரத்திலேயே சான்றுண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்தார், அந்நாட்டு மன்னர்கள் ஆண்டுதோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஏராளமான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றிற் பெரும்பாலானவை மடிந்துபோனதையும் எழுதியிருக்கிறார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை என்றும், சோற்றோடு இறைச்சி சமைத்து அவற்றுக்குத் தீனியாக இட்டார்கள் என்றும், குதிரை வைத்தியர்கள் அங்கே போய்ச் சேராதபடி விற்பவர்கள் தடுத்து வந்தார்கள் என்றும் அவர் கூறுகிறார். குதிரை வாழ்ந்தால் வியாபாரம் குறையுமல்லவா? அரசனுக்குக் குதிரையிடம் ஆசை இல்லாமலில்லை. உயர்ந்த உணவையே ஊட்டினான். அது புல் தின்னும் பிராணி என்பதை மட்டும் யாரும் அதனிடம் கேட்டறியவில்லை.

இன்றும் நம்மவர் குதிரையைக் கும்பிடுகிறார்கள். ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிறோம். கடல் கடந்து வந்த இவ்விடத்திலும் எல்லைத் தெய்வத்தின் முன்னே குதிரைச் சிலை நிறுத்தி வர்ணம் பூசுகிறோம். அச்சிலைக்கு மாலை சூட்டிய கையோடு, சென்னை மெரினாவிலோ பினாங்கு பத்து பெரிங்கியிலோ கடற்கரை மணலில் கால் இழுத்து நடக்கும் குதிரைமேல் குழந்தையை ஏற்றிப் படம் பிடித்துக்கொள்கிறோம். அக்குதிரை தலையை எப்படி அசைக்கிறது என்று பார்ப்போர் எத்தனை பேர்? மண்குதிரைக்கு மூட்டு இல்லை. அதனை வணங்குவது எளிது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கடற்கரையில் குதிரை நடத்துகிறவன் ஏழை. அன்றாடச் சவாரிக் காசில்தான் அவன் அடுப்பு எரிகிறது. அவனிடம் சென்று இருபது நிமிஷம், புல்தரை, பத்து நிமிஷ முன்நடை என்றெல்லாம் பேசுவது நியாயமா? இவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1930-ல் எகிப்து நாட்டுக் கைரோ நகரத்திற்குச் சென்ற டாரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, முதல் உலக யுத்தத்தில் படையோடு போய்ப் பின்னர் அங்கேயே விற்கப்பட்ட குதிரைகள், கிழடாகி எலும்புந்தோலுமாய்ப் பாரவண்டி இழுப்பதைக் கண்டார். வண்டிக்காரர்களை அவர் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. அவர்களும் அக்குதிரைகளைப் போலவே வறியவர்கள். 1931-ல் தம் நாட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பணம் திரட்டினார். அப்பணத்தைக் கொண்டு சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். 1934-ல் ஏழைகளின் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவச வைத்தியசாலை நிறுவினார். அவர் செய்ததன் நியாயத்தை நாம் கவனிக்கவேண்டும். யுத்தத்தில் குதிரையால் பயனடைந்தவர்கள் யாரோ, அவர்களிடம் போய்த்தான் அவர் கடனைக் கேட்டார்.

பந்தயக் குதிரைக்கும் இதுவே முறை என்பது நமது அபிப்பிராயம். பரிசுப் பணம் பெற்றவர், சீட்டில் லாபம் கண்டவர், நுழைவுக்கட்டணம் வசூலித்தவர் ஆகிய அனைவருடைய பங்கிலிருந்தும், ஓட்டம் ஓய்ந்த குதிரையின் பிற்கால இருபதாண்டுக்கு ஒரு பகுதி முன்னமேயே ஒதுக்கப்படவேண்டும். மலாயாவில் 1951-ல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டபோது ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை இதுவேயல்லவா? உழைக்கும் காலத்திலேயே ஓயும் காலத்துக்குரியதை எடுத்து வைப்பது. கடைசியில் கைமாறி வாங்கிய ஏழையின் தலையில் முழுப் பாரத்தையும் போட்டுவிட்டு, அவன் கல்நெஞ்சன் என்று பேசுவது எளிது. ஆனால் அது கடன்காரன் சாட்சிக்காரனை ஏசுவது போலாகும்.

கடினமான ஒரு வார்த்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. கைரோவில் வாங்கப்பெற்ற அக்குதிரைகளிற் பெரும்பாலானவற்றை உயிரோடு வைத்திருக்க இயலவில்லை. சில நாள் நல்ல தீனியும், படுக்க வைக்கோலும் கொடுத்தபின், நோவின்றி அவற்றின் உயிரைப் போக்கவேண்டி வந்தது. கையில் பிடித்து நடத்தும் மெல்லிய நடையும் நோவாகி, மருந்தும் பலியாமல், விழுந்தால் எழ முடியாத நிலை வரும்பொழுது, அதையும் அந்த ஏடே சொல்லும். உயிரைப் போக்குவது பாவமென்று கண்ணை மூடிக்கொண்டு அதனைத் துடிக்க விடுவது, பாவத்திலிருந்து நம்மைக் காத்துக்கொள்ளும் முயற்சியேயன்றிக் குதிரையைக் காக்கும் முயற்சியன்று. அவ்வாறே, தீனிச் செலவு மிச்சமென்று நடக்கக்கூடிய குதிரையை முன்கூட்டியே முடித்துவிடுவதும் கொலைவெட்டின் மறுபக்கமே. காலமறிந்து நடத்துவது போலவே காலமறிந்து விடுவதும் கடனைச் சேர்ந்தது.

குதிரையின் லாயத்துக்கும் மனிதனின் லயத்துக்கும் நாம் முடிச்சுப் போட வரவில்லை. மனிதன் குதிரையல்லன், அவனை எவரும் ஓட்டவும் கூடாது, கட்டவும் கூடாது. ஆனால் முதியவர்களிடத்தில் நாம் நடந்துகொள்ளும் மாதிரியை இது நினைவூட்டுகிறது. நாற்பது ஆண்டு பால் வெட்டி, முழங்கால் தேய்ந்து, ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் தகப்பனாரை, "நீங்கள் உழைத்தது போதும், ஒரு மூலையில் உட்காருங்கள்" என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்கிறார்கள். அவரோ விடியற்காலையில் எழுந்து வாசலைக் கூட்டவும், நாலு மிளகாய்ச் செடிக்கு நீர் ஊற்றவும், கடை வரையில் நடந்து வரவும் விரும்புகிறார். அவரைப் பிழிந்த தோட்டமும் அவரைக் கேட்கவில்லை; அவரை உட்காரவைத்த வீடும் அவரைக் கேட்கவில்லை. இத்தனைக்கும் அவருக்கு வாய் இருக்கிறது. கேட்டால் பதில் சொல்வார்.

வாயில்லாத குதிரையினிடத்தில் கேட்டறியப் பழகினவர்கள், வாயுள்ள மனிதனிடத்தில் கேட்க மறக்கமாட்டார்கள் என்பது நமது நம்பிக்கை. ஆகவே, கிழக்குதிரைமேல் ஏறலாமா என்னும் கேள்விக்கு நமது விடை இது: குதிரையைப் பாருங்கள். பத்து நிமிஷம் கூட நடந்து, அதன் தலையையும் காதையும் கண்ணையும் காலையும் கவனியுங்கள். அது சம்மதித்தால் இலேசானவர் ஏறி, மெதுவாகச் சிறிது தூரம் போய்வரலாம். சம்மதிக்காவிட்டால் கடிவாளத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு பக்கத்திலே நடந்து வாருங்கள். நாளைக் காலையிலும் வாருங்கள்.